அல்மாட்டியில் அரை நாள்: பான்ஃபிலோவ் பூங்காவும் மரத்தால் ஆன பேராலயமும் – நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கஜகஸ்தானின் அல்மாட்டி இப்போது நம் ஊர் டூர் பேக்கேஜ்களில் சகஜமாகிவிட்டது. நான்கு நாள் திட்டம் என்றால் பனிமலை ஒரு நாள், பள்ளத்தாக்கு ஒரு நாள், ஏரி ஒரு நாள். மீதி நாளில் ‘சிட்டி டூர்’ என்று வேனில் ஏற்றிப் போய், மஞ்சள் நிறத் தேவாலயத்துக்கு முன்னால் இருபது நிமிடம் இறக்கிவிடுவார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, புறாக்களுக்குத் தீனி போட்டுவிட்டு வண்டி ஏற வேண்டியதுதான்.

அந்த இருபது நிமிடம் போதாது. பூங்காவுக்கும் தேவாலயத்துக்கும் சேர்த்து நிதானமாக அரை நாள் கொடுங்கள். காலை எட்டரைக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குச் சந்தையில் முடிகிற மாதிரி ஒரு வழியைக் கீழே சொல்கிறேன். இந்த வரிசையில் போனால் ஊரின் கதையும் வரிசையாகப் பிடிபடும். அந்தக் கதையில் நிலநடுக்கம்தான் முக்கியப் பாத்திரம்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் ஒரு பயணத்துக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. 2022 ஜூலையில் வந்த வசதி இது. 180 நாட்களுக்குள் மொத்தம் 42 நாள் என்ற உச்சவரம்பும் உண்டு. விதிகள் மாறக்கூடியவை, அதனால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்களுக்கான விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்லியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் நாடு முழுவதையும் ஒரே நேர மண்டலமாக்கிவிட்டார்கள். இப்போது அல்மாட்டி இந்தியாவை விட அரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பழைய வலைப்பக்கங்கள் அரை மணி முன்னால் என்று சொல்லும், நம்பாதீர்கள்.

மே, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் ஆகியவைதான் நடக்க ஏற்ற காலம். ஜனவரியில் நடைபாதையில் பனி உறைந்து கண்ணாடிபோல வழுக்கும், புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் பனிக்கு நடுவே அந்த மஞ்சள் கோபுரத்தைப் பார்ப்பதற்காகவே குளிர்காலத்தில் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போவதாக இருந்தால் அடிப்பாகம் பிடிப்புள்ள காலணி கட்டாயம் வேண்டும். நம்மூர் ஸ்போர்ட்ஸ் ஷூ அந்தப் பனியில் நிற்காது.

பையில் போட்டுக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. பெண்கள் ஒரு துப்பட்டாவோ சால்வையோ எடுத்துக்கொள்ளுங்கள், தேவாலயத்துக்குள் தலையை மூட வேண்டும். ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிருங்கள். கொஞ்சம் சில்லறை டெங்கே (அந்த நாட்டு நாணயம்), ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். பூங்காவுக்கும் தேவாலயத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

போய்ச் சேர்வது

மெட்ரோவில் போவதென்றால் ‘ஜிபெக் ஜோலி’ நிலையத்தில் இறங்குங்கள். பெயருக்குப் பட்டுப் பாதை என்று பொருள். அல்மாட்டி மெட்ரோ 2011 டிசம்பர் 1 அன்றுதான் ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு தடம், அதனால் குழப்பமே வராது. வெளியே வந்து கோகோல் தெருவைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் சற்று நேரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய சதுரம் வலப்பக்கம் வரும். அதுதான் பூங்கா. டாக்சி வேண்டுமென்றால் யாண்டெக்ஸ் கோ செயலியில் அழையுங்கள். தெருவில் கை காட்டி நிறுத்திப் பேரம் பேசுவது மொழி தெரியாதவர்களுக்குச் சரிப்பட்டு வராது.

வழி கேட்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. அல்மாட்டிக்காரர்கள் வடக்கு, தெற்கு என்று சொல்வது குறைவு. ‘மேலே’, ‘கீழே’ என்றுதான் சொல்வார்கள். ஊரே தெற்கிலுள்ள மலையிலிருந்து வடக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. மேலே என்றால் மலைப் பக்கம், கீழே என்றால் சமவெளிப் பக்கம். நிமிர்ந்து பனிமலை எங்கே தெரிகிறது என்று பார்த்தால் அதுதான் தெற்கு. தெருவோரங்களில் சின்ன வாய்க்கால்கள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். ‘அரிக்’ என்பார்கள். மலையிலிருந்து வரும் நீரை மரங்களின் வேருக்குக் கொண்டுபோகிற பழைய ஏற்பாடு அது. போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அதற்குள் கால் போய்விடும், ஜாக்கிரதை.

முதல் படி: மேற்கு வாசல்

கோகோல் தெருப் பக்கமாகவே உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் நான் சொல்வது, இன்னும் கொஞ்சம் சிரமப்பட்டுக் குனாயெவ் தெருப் பக்கம், அதாவது மேற்குப் பக்கம் போய் அங்கிருந்து நுழையுங்கள். ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கே இருக்கும், வாசல் மேற்கே. மணிக்கூண்டும் அந்த வாசல் பக்கம்தான். மேற்கிலிருந்து வந்தால்தான் கட்டடம் தன் முகத்தைக் காட்டும். கோயிலுக்குப் பின்வாசல் வழியாகப் போய்விட்டு ராஜகோபுரத்தைக் கடைசியில் பார்ப்பது போலாகிவிடக் கூடாதல்லவா?

நடக்க ஆரம்பித்ததும் சுற்றிலும் மரங்களைப் பாருங்கள். ஓக், எல்ம், பைன், பிர்ச் என்று கலந்து நிற்கும். சுமார் 18 ஹெக்டேர் பரப்பு. இவ்வளவு இடம் ஊர் நடுவில் கட்டடம் எழும்பாமல் எப்படித் தப்பியது? இது ஒரு காலத்தில் இடுகாடு. 1854-இல் ரஷ்யர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு வேர்னி என்று பெயர். அந்த ஊர்க்காரர்களை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் 1870-களில் பூங்கா உருவானது.

அதற்குப் பிறகு ஆட்சி மாறும்போதெல்லாம் பூங்காவின் பெயரும் மாறியது. 1899-இல் கவிஞர் புஷ்கினின் நூற்றாண்டுக்காகப் புஷ்கின் தோட்டம் ஆனது. புரட்சிக்குப் பின் வேறு பெயர்கள் வந்துபோயின. 1942-இல் 28 பான்ஃபிலோவ் காவல்படை வீரர்களின் பெயரை வைத்தார்கள், அது நிலைத்துவிட்டது (அவர்கள் கதை நான்காம் படியில் வரும்). ஊர்ப் பெயரும் அப்படித்தான் ஓடியது: வேர்னி 1921-இல் அல்மா-அதா ஆனது, 1993-இல் அல்மாட்டி ஆனது. ‘அல்மா’ என்றால் கஜக் மொழியில் ஆப்பிள். நாம் இன்று தின்கிற ஆப்பிளின் காட்டு மூதாதை இந்த மலைச்சரிவுகளில் இப்போதும் வளர்கிறது.

இரண்டாம் படி: வெளியே நின்று பார்ப்பது

மரங்கள் விலகியதும் விண்ணேற்றப் பேராலயம் தெரியும். உள்ளூரில் வொஸ்னெசென்ஸ்கி சபோர் என்பார்கள், கட்டியவர் பெயரால் ஜென்கோவ் பேராலயம் என்றும் சொல்வதுண்டு. மஞ்சள் சுவர், வெள்ளை வேலைப்பாடு, பல வண்ணச் சாய்சதுரங்கள் போட்ட குவிமாடங்கள், மேலே பொன்னிறச் சிலுவைகள். பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கிறதே என்று முதல் பார்வையில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உடனே உள்ளே போகாதீர்கள். முழுக் கட்டடத்தையும் ஒரு சுற்று வலம் வாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் போய், முடிந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் போலத் தெரிகிற இந்தக் கட்டடம் முழுக்க மரம். தியான் ஷான் மலையில் வளரும் ஸ்புரூஸ் மரம்.

ஏன் மரம் என்பதற்கான பதில் 1887-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 9 விடியற்காலையில் வேர்னி நகரம் குலுங்கியது. ஊரில் இருந்த சுமார் 1,800 கல், செங்கல் கட்டடங்களில் ஒன்றே ஒன்றுதான் தப்பியது என்பது பதிவு. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள் பெரும்பாலும் நின்றன. ஊர் அதை மறக்கவில்லை. ஒரு பெரிய பேராலயம் வேண்டும் என்று வந்தபோது பொறியாளர் ஆந்திரேய் ஜென்கோவ் மரத்தைக் கையில் எடுத்தார். மூல வடிவம் கட்டடக் கலைஞர் கான்ஸ்தந்தீன் போரிஸோக்லெப்ஸ்கியுடையது. அதை நிலநடுக்கம் தாங்கும்படி கட்டி எழுப்பியது ஜென்கோவ். 1904-இல் வேலை தொடங்கியது, 1907-இல் முடிந்தது.

அவருடைய யோசனை எளிமையானது. காற்றில் உயரமான மரம் ஆடும், வளையும், ஆனால் முறியாது. கட்டடமும் அப்படி இருக்கட்டும் என்றார். செங்கல் சுவர் கனமானது, வளைந்துகொடுக்காது. தரை ஆடினால் விரிசல் விட்டு விழுந்துவிடும். மரக்கட்டைகளை ஒன்றோடொன்று கோத்து இரும்பு போல்ட்டுகளால் இறுக்கினால், ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் அசைந்துகொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். கட்டடம் மொத்தமாக ஆடிவிட்டு மறுபடி தன் நிலைக்கு வந்துவிடும்.

கட்டி முடித்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, பரீட்சை வந்துவிட்டது. 1911 ஜனவரி 4 அன்று கெமின் நிலநடுக்கம். ரிக்டர் அளவில் ஏறக்குறைய 8. ஊர் மறுபடியும் சிதைந்தது. பேராலயம் ஆடியது, நின்றது. உச்சிச் சிலுவை வளைந்ததோடு சரி.

இங்கே வழிகாட்டிகள் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள்: ‘ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியது.’ கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மையில்லை. ஆணியும் உண்டு, இரும்பு போல்ட்டும் உண்டு. சொல்லப்போனால் அந்த இரும்புப் பிணைப்புகள்தான் இதன் சூட்சுமத்தில் பாதி. ஆணியே இல்லை என்று சொல்வது ஜென்கோவைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவர் செய்த வேலையை மறைத்துவிடுகிறது.

குவிமாடத்தின் மேல் உள்ள சிலுவையைக் கவனியுங்கள். நம் ஊர்த் தேவாலயங்களில் பார்ப்பது போல ஒரே குறுக்குக் கட்டை இல்லை, மூன்று இருக்கும். மேலே உள்ள சின்னது, இயேசுவின் தலைக்கு மேல் அறைந்த எழுத்துப் பலகை. கீழே சாய்வாக இருப்பது பாதம் தாங்கும் கட்டை. ரஷ்ய மரபின் அடையாளம் அது.

மூன்றாம் படி: உள்ளே போவது

நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கும் பகுதி இது, ஏனென்றால் பலரும் வாசலிலேயே தயங்கித் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில், யாரும் உங்கள் மதத்தைக் கேட்க மாட்டார்கள். அமைதியாக வந்து பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டாவது, காலணியைக் கழற்ற வேண்டாம். முதல் முறை போனபோது நான் பழக்க தோஷத்தில் வாசலில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டேன். அங்கே நின்ற ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிரிக்காமல், உள்ளே போ என்று கையைக் காட்டினார். பெண்கள் தலையை மூட வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். பெண்கள் பாவாடை அணிவது மரபு. சல்வாருக்கும் சேலைக்கும் பிரச்சினையே இல்லை. ஜீன்ஸ் என்றால் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி பல ரஷ்யத் தேவாலயங்களில் வாசலருகே வைத்திருப்பார்கள், எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

உள்ளே உட்கார வரிசை பெஞ்சுகள் கிடையாது. இது எல்லா ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களுக்கும் பொது. வழிபாடு முழுக்க நின்றுகொண்டேதான். முதியவர்களுக்காகச் சுவரோரம் சில இருக்கைகள் இருக்கும். உடம்புக்கு முடியாதவர்கள் தாராளமாக உட்காரலாம்.

எதிரே தங்க வேலைப்பாட்டோடு சுவர்போல நிற்பது ஐகோனோஸ்தாசிஸ் என்னும் படத்திரை. புனிதர்களின் ஓவியங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அதற்குப் பின்னால்தான் பலிபீடம், நம் கருவறை மாதிரி. நடுவில் உள்ள இரட்டைக் கதவு வழியாகக் குருமார் மட்டுமே போவார்கள். திரை முன்னுள்ள மேடையில் கால் வைக்காதீர்கள், அது போதும். இந்தப் பேராலயத்தின் முதல் படத்திரை ஓவியங்களைத் தீட்டியது நிக்கொலாய் ஹ்லூதொவின் ஓவியக்கூடம். இந்த மண்ணின் மலைகளையும் மேய்ப்பர்களையும் நிறைய வரைந்தவர் அவர்.

மெழுகுவத்தி ஏற்ற ஆசை இருந்தால் வாசலருகே விற்பார்கள். மெல்லிய, தேன்மெழுகு வாசனையுள்ள வத்திகள். உயிரோடு இருப்பவர்களுக்காக என்றால் ஐகான் படங்களுக்கு முன்னுள்ள வட்டத் தாங்கிகளில் வைக்க வேண்டும். இறந்தவர்களுக்காக என்றால் ஒரு சின்னச் சிலுவையோடு இருக்கும் செவ்வக மேசையில். இதை மாற்றிச் செய்துவிடாதீர்கள். பக்கத்தில் எரியும் இன்னொரு வத்தியிலிருந்து தீயை எடுத்துக்கொள்ளலாம். பெயர் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளும் இருக்கும், ஆனால் அவை ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களுக்கானவை. நற்கருணை ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு மட்டும்தான்.

வழிபாடு நடக்கும் நேரத்தில் போக முடிந்தால் விட்டுவிடாதீர்கள். காலையிலும் மாலையிலும் நடக்கும், நேர அட்டவணை வாசலில் ஒட்டியிருக்கும். இசைக்கருவி எதுவும் கிடையாது. ஆர்கன், கீபோர்டு, ஒன்றுமில்லை. மனிதக் குரல்கள் மட்டும்தான். பாடுவது பழைய சிலாவோனிய மொழியில், இன்றைய ரஷ்யர்களுக்கே பாதிதான் புரியும். மரச் சுவர்களுக்குள் அந்தக் குரல்கள் எழும்போது நமக்கும் மொழி ஒரு தடையாகத் தெரியாது. பின்பக்கம் ஓரமாக நில்லுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றுவிட்டு இடையில் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரே விதி: கேளுங்கள். ‘மோஷ்னா ஃபோட்டோ?’ என்றால் போதும். ‘நெல்ஸியா’ என்றால் கூடாது என்று அர்த்தம். வழிபாட்டின் நடுவே கேட்கவே வேண்டாம். வேண்டிக்கொள்கிறவர்களின் முகத்தை எப்போதும் எடுக்காதீர்கள்.

ஆர்த்தடாக்ஸ் என்ற சொல் நமக்குக் கேரளத்து மலங்கரை சபையை நினைவுபடுத்தும், சென்னை அரண்மனைக்காரத் தெருவின் ஆர்மீனியத் தேவாலயத்தை அறிந்தவர்களுக்கு அதையும். அவை இரண்டும் வேறு குடும்பம். கி.பி. 451-இல் கால்செடான் சங்கத்தோடு பிரிந்த கிழக்கத்திய மரபைச் சேர்ந்தவை. அல்மாட்டியில் இருப்பது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள கஜகஸ்தானில் அன்று அரசு விடுமுறை. ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள், வியாழக்கிழமை, விண்ணேற்றத் திருநாள். இந்தப் பேராலயத்தின் பெயர்த் திருநாளும் அதுவே. 2026-இல் அது மே 21 அன்று வருகிறது. அந்த நாளில் கூட்டத்தைப் பார்க்க விரும்பினால் போகலாம், கட்டடத்தைப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் போங்கள்.

வெளியே வரும் முன், நீங்கள் நிற்கும் இந்தக் கூடம் அரை நூற்றாண்டுக்கு மேல் தேவாலயமாகவே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1920-களின் கடைசியில் சோவியத் அரசு வழிபாட்டை நிறுத்தி இதை அருங்காட்சியகம் ஆக்கியது. மணிக்கூண்டின் உயரத்தை வானொலி அலைபரப்புக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1973 முதல் 1976 வரை பழுது பார்த்தார்கள். 1980-களில் அருங்காட்சியகம் புதுக் கட்டடத்துக்குப் போனது. 1995-இல் சபையிடம் திருப்பிக் கொடுத்தார்கள், 1997-இல் மறுபடியும் வழிபாடு தொடங்கியது. சோவியத் காலத்தில் எத்தனையோ தேவாலயங்கள் இடிந்து போயின. காட்சிக்கூடமாக ஒரு பயன்பாடு இருந்ததால்தான் இது பிழைத்தது என்று எனக்குப் படுகிறது.

நான்காம் படி: நினைவுச் சின்னம்

பேராலயத்துக்குப் பின்பக்கமாகக் கிழக்கே நடங்கள். புறாக்களும் குழந்தைகளும் பின்னால் போய்விடும், பூங்கா சட்டென்று அமைதியாகும். சற்றுத் தூரத்தில் கறுப்பாக ஒரு பெரிய சிற்பம் உங்கள் மேல் பாய்வது போல நிற்கும். இரண்டாம் உலகப் போர் வெற்றியின் முப்பதாம் ஆண்டை ஒட்டி 1975 மே மாதம் திறந்த புகழ் நினைவகம் இது. சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும் வீரர்கள், நடுவில் கையை விரித்து நிற்கும் ஒருவன். முன்னால் அணையா விளக்கு. ‘ரஷ்யா பெரியது, ஆனால் பின்வாங்க இடமில்லை, பின்னால் மாஸ்கோ’ என்று பொருள்படும் வாசகம் இங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

கதை இதுதான். 1941-இல் அல்மா-அதாவில் 316-ஆவது காலாட்படைப் பிரிவைத் திரட்டினார்கள். கஜக்கியரும் கிர்கிஸியரும் ரஷ்யரும் உக்ரைனியரும் அதில் இருந்தார்கள். தளபதி இவான் பான்ஃபிலோவ். அந்தப் படை மாஸ்கோவைக் காக்கப் போனது. நவம்பர் 16 அன்று துபோசெகோவோ என்ற இடத்தில் 28 வீரர்கள் ஜெர்மன் டாங்கிகளை மறித்து நின்று அத்தனை பேரும் இறந்தார்கள் என்று ராணுவப் பத்திரிகை எழுதியது. இரண்டு நாள் கழித்து பான்ஃபிலோவும் போரில் இறந்தார்.

ஆனால் 1948-இலேயே சோவியத் ராணுவ வழக்கறிஞர்கள் விசாரித்து, 28 பேர் கதை பத்திரிகையாளர் ஊதிப் பெரிதாக்கியது என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். இறந்ததாகச் சொன்னவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள். அந்த அறிக்கையை மூடி வைத்து, 2015-இல்தான் ரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் வெளியிட்டது. அந்த இடத்தில் கடும் போர் நடந்ததும் அந்தப் படைப்பிரிவில் ஏராளமானவர்கள் மடிந்ததும் உண்மை. 28 என்ற எண்ணிக்கையும், நினைவகத்தில் பொறித்திருக்கும் அந்த வசனமும்தான் பத்திரிகையின் கைவண்ணம்.

இதை அங்கே நின்று சத்தமாக விவாதிக்காதீர்கள். இந்த ஊரில் தாத்தாவையோ கொள்ளுத் தாத்தாவையோ அந்தப் போரில் இழக்காத குடும்பம் குறைவு. போர் வெற்றி நாளான மே 9 அன்று இங்கே பூக்கள் மலைபோலக் குவியும். சாதாரண நாட்களில்கூட மணக்கோலத்தில் வரும் ஜோடிகள் இந்த நெருப்புக்கு முன் பூ வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம். நெருப்பின் மேல் கை காய்ச்சுவதும், கறுப்புக் கற்களின் மேல் உட்கார்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். வீரதீர நகரங்கள் என்று பட்டம் பெற்ற ஊர்களிலிருந்து கொண்டுவந்த மண் அந்தக் கற்களுக்குள் இருக்கிறது.

அருகில் ஆப்கன் போரில் இறந்தவர்களுக்கும் ஒரு சின்னம் இருக்கிறது. மூன்று வீரர்கள், முகத்தில் வெற்றிக்களை எதுவும் இல்லை. பெரிய சிற்பத்தைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: இன்னொரு மர வீடு

கிழக்கு எல்லையில், ஜென்கோவ் தெருப் பக்கம், கதைப் புத்தகத்திலிருந்து வந்தது போல ஒரு மரக் கட்டடம் நிற்கும். இதுவும் ஜென்கோவ் கட்டியதுதான், 1908-இல், ராணுவ அதிகாரிகளின் மன்றமாக. இப்போது இசைக்கலைஞர் இக்கிலாஸ் பெயரிலான நாட்டுப்புற இசைக்கருவிகள் அருங்காட்சியகம். இங்கே கட்டணம் உண்டு, அதிகமில்லை.

டோம்ப்ரா இரண்டே நரம்புள்ள கருவி. கோபிஸ் குதிரைமுடி நரம்புகளை வில்லால் இழுப்பது. முற்காலத்தில் பூசாரிகள் சாமியாடும்போது வாசித்தது என்பதால் அதற்கு ஒரு பயபக்தி உண்டு. ஜெத்திகன் ஏழு நரம்பு, பெயரிலேயே ஏழு இருக்கிறது. நம் யாழையும் வீணையையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூடங்களில் நேரம் போவதே தெரியாது. இசையில் ஆர்வமில்லாதவர்கள் வெளியிலிருந்து கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம், தப்பில்லை.

கடைசிப் படி: கீழே, சந்தைக்கு

இப்போது பசிக்கும். பூங்காவிலிருந்து ‘கீழே’, அதாவது வடக்கே, நடந்தால் சில நிமிடங்களில் பச்சைச் சந்தை. கஜக்கில் கோக் பஜார், ரஷ்ய மொழியில் ஸெலோனி பஜார். திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும், அதனால் இந்த நடையை வேறு கிழமையில் வையுங்கள்.

உலர்ந்த ஆப்ரிகாட் பழம், அக்ரூட், திராட்சை எல்லாம் குவியலாக இருக்கும். கடைக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ருசி பார்க்கத் தருவார்கள். அபோர்ட் என்ற பெரிய சிவப்பு ஆப்பிள் இந்த ஊரின் பெருமை, இலையுதிர்காலத்தில் கிடைத்தால் விடாதீர்கள். குர்த் என்ற வெள்ளை உருண்டைகள் புளித்த தயிரை உப்புப் போட்டுக் காயவைத்தது. கல் மாதிரி இருக்கும், வாயில் ஊறவிட்டால் நம் உப்பு மோர் ருசி வரும். எனக்குப் பிடித்தது, கூட வந்தவர்கள் துப்பிவிட்டார்கள். கொரியச் சாலட்டுகள் விற்கும் வரிசையும் உண்டு. 1937-இல் ஸ்டாலின் அரசு தூரக் கிழக்கிலிருந்து சுமார் 1.7 லட்சம் கொரியர்களை ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்குக் கொண்டுவந்து விட்டது. அவர்கள் வழி வந்த கேரட் சாலட் இன்று எல்லா வீட்டுச் சாப்பாட்டிலும் இருக்கிறது.

சைவர்கள் கவனிக்க: குதிரை இறைச்சிக்குத் தனிப் பகுதியே உண்டு, அந்தப் பக்கம் போகாமலே சுற்றி வரலாம். ‘பெஸ் மியாசா’ என்றால் இறைச்சி இல்லாமல். சம்சா வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள், நம் சமோசா போலவே தெரியும், உள்ளே பெரும்பாலும் கறிதான். பூசணிக்காய் வைத்ததும் கிடைக்கும். தந்தூர் ரொட்டியும் கேரட் சாலட்டும் தேநீரும் இருந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. நன்றி சொல்ல, கஜக்கில் ‘ரஹ்மெத்’, ரஷ்ய மொழியில் ‘ஸ்பசீபா’. முதலாவதைச் சொன்னால் முகம் கூடுதலாக மலரும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 2024 ஜனவரியில் சீன எல்லைப் பக்கம் 7 ரிக்டர் அளவில் நிலம் ஆடியபோது அல்மாட்டி மக்கள் இரவில் உறைபனிக் குளிரில் தெருவுக்கு ஓடி வந்து நின்றார்கள். அதனால் விடுதியில் அறை எடுத்ததும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது காலணியையும் கோட்டையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.